வரவேண்டும் என்று வேண்டிய படபடப்பு

கொரோனாவுக்கு முந்தைய தைப்பூசம். சென்னிமலைப் படியேறும்போது என் நெஞ்சு விசைத்தறி மாதிரி ஓட ஆரம்பித்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. கண் இருட்டி விழுந்துவிட்டேன். விழித்தபோது நெற்றி நிறையத் திருநீறு. என் மாமியார் எலுமிச்சம்பழத்தோடு நின்றார். சுற்றி நின்றவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சாமி வந்துவிட்டதாம்!

அதன்பிறகு அடிக்கடி வந்தது. உடனே மாமியார் பழத்தோடு ஓடிவருவார். "ஏனுங் சாமி, எம்பட சின்னவனுக்கு எப்பங்க கண்ணாலம்?" என்று வாக்குக் கேட்பார். மூச்சுவிடவே முடியாத நான் "ஆகும், ஆகும்" என்று கையை ஆட்டுவேன். ஆவணியில் கொழுந்தனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? பக்கத்து ஊர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று, செத்துவிடுவேன் என்றுதான் பயந்தேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் இதைச் சாமி என்று நம்பவில்லை. பஸ் பிடித்துப் பெருந்துறைக்குக் கூட்டிப்போவார். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் படபடப்பு அடங்கிவிடும். இசிஜி நன்றாகவே இருக்கும். சத்து மாத்திரையோடு திரும்புவோம்.

கடைசியில் கோயமுத்தூருக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா, "இதயத் துடிப்புல கோளாறாட்ட இருக்குதுங்க. ஆனா வர்றப்பவே இசிஜில புடிச்சாத்தான் வைத்தியத்த முடிவு பண்ண முடியும்" என்றார். நெஞ்சில் வயர்களோடு படுக்க வைத்தார்கள். அன்று பார்த்து ஒன்றும் வரவில்லை.

நர்ஸ் வந்து, "இன்னிக்கு வராதாட்ட இருக்குதுங்க. வயரைக் கழட்டிரட்டுங்களா?" என்றார். எனக்கு அழுகை முட்டியது. 'முருகா, இத்தனை நாள் இது போகட்டும் என்று வேண்டினேன். இன்றைக்கு ஒரே ஒருதரம் வரட்டும்' என்று மனசுக்குள் கதறினேன்.

வந்தது!

"வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். இசிஜி தாளைப் பார்த்து டாக்டரம்மா தலையசைத்ததும், என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தில் கோளாறு செய்த இடத்தைச் சுட்டார்கள். அதோடு நின்றது.

வீடு திரும்பியதும் மாமியார் முகம் வாடிப்போய், "ஏங் கண்ணு, அப்பச் சாமி போயிருச்சா?" என்று கேட்டார்.

"போவலீங்க அத்தை. ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்துச்சுங்க" என்றேன்.

அவர் இப்போது இல்லை. தைப்பூசத்துக்குப் படியேறும்போது, அவர் பழத்தோடு நின்ற இடத்தில் சற்று உட்கார்வேன். அந்தக் குரலுக்கு மனசு ஏங்குகிறது.

அன்பர்களே, உங்கள் நெஞ்சும் காரணமில்லாமல் ஓடினால் ஆண்டவனிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே பஸ் ஏறுங்கள். உங்களுக்கு முன்பே அவன் அங்கே போய் நிற்பான்.