சம்பளம் வராத மாதங்களில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு

எண்பதுகளின் நடுவில் காரிமங்கலத்தில் ஒரு டுடோரியலில் இங்கிலீஷ் நடத்தினேன். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள்தான் படிக்க வந்தார்கள். மூன்று மாதமாக எனக்குச் சம்பளம் இல்லை. கேட்டால், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார் முதலாளி. வேறு வேலை கிடைக்காததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று மரபுத்தொடர்கள். கைடில் இருந்த வரிசைப்படி போர்டில் எழுதினேன்: ஹார்டு அப், ஹேண்ட் டு மவுத், மேக் போத் எண்ட்ஸ் மீட். மூன்றும் கையில் காசில்லாத பாட்டைச் சொல்பவை. மூன்றாவது தொடரை, வரவைச் செலவுக்கு எட்டவைக்கும் இழுபறியை, விளக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எப்போதாவது அப்படி வருவார். வேண்டுமென்றே இந்தப் பாடத்தை எடுத்ததாக நினைத்துவிட்டால்?

"கடைசித் தொடர வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றேன் அவசரமாக.

முப்பதை நெருங்கிய ஒரு பெண் எழுந்தார். பால்வாடி வேலைக்காகப் பத்தாவது எழுத வந்தவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் சாப்பிடும் டிபன் கடை அவர் கணவருடையது.

"மை டீச்சர் கெனாட் மேக் போத் எண்ட்ஸ் மீட்."

சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது.

"என்னம்மா சொன்ன?" என்றார் முதலாளி.

அந்தப் பெண்ணுக்கு உட்காரும்படி கை காட்டினேன். அவர் உட்காரவில்லை. "சாருக்கு மூணு மாசமா சம்பளம் வரலீங்களாம், எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னாரு. காலையில வெறும் டீ குடிச்சிட்டு வர்றாருங்க. நாங்கெல்லாம் ஃபீஸ் கட்டித்தானுங்க படிக்கிறோம்."

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். "சொல்லிக்குடுத்துப் பேச வச்சயா?"

"இல்லீங்க. பரீட்சைக்கு வர்ற பாடமுங்க."

அவர் முகம் சிவந்திருந்தது. இரண்டு மாதச் சம்பளத்தை மேசைமேல் போட்டார். "நாளையிலிருந்து வர வேண்டாம்."

மீதி ஒரு மாதத்தைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தார். "என்னால வேலை போயிருச்சுங்களா சார்?"

"இல்லம்மா. நானே நின்னுக்கிட்டேன்" என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் கணவரை அனுப்பினார். கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் கடையிலேயே பாடம் நடத்தலாமாம். அந்தப் பெண்ணோடு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். பரீட்சை வரை நடத்தினேன். ஐந்து பேரில் மூவர் தேறினார்கள். அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷில்தான் மார்க் அதிகம்.