காப்புக் கட்டிய கை

சென்ற வாரம் ஒரு காலை, மதுரை தல்லாகுளம் வீட்டில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் செல்வியின் பெயர். முத்திருளப்பண்ணனின் மூத்த மகள். சற்று நேரம் அடிக்க விட்டேன். எடுக்காத வரை அந்தச் செய்தி வந்து சேராது என்று ஓர் எண்ணம். பிறகு எடுத்தேன்.

"அப்பா போயிட்டாங்க சார். காப்பி கேட்டாங்க. கொண்டுக்கிட்டு வாரதுக்குள்ள..." என்றாள்.

தொண்ணூறைத் தாண்டியவர். கல்யாணச் சாவு என்று சொல்லி ஊரில் கொட்டு முழக்கத்தோடுதான் எடுத்தார்கள். அவரோடு பழகிய உறவினர்களும் நண்பர்களுமான உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும் என்று தயங்கித்தான் இதை எழுதுகிறேன். சோழவந்தானுக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய அந்த ஊர்ப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். அவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். நினைவில் இருப்பதை வரிசைப்படுத்தி எழுதப் பார்க்கிறேன். ஏதாவது பிசகியிருந்தால் தெரிந்தவர்கள் திருத்த வேண்டும்.

கொடிக்காலில் அவர் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. விடியுமுன் இறங்கிக் கொடி கட்டுவார், இலை கிள்ளுவார், கூடையைச் சைக்கிளில் ஏற்றி மதுரைக்கு மிதிப்பார். ஒரு வருடம் அவர் மனைவி ராக்கு மதினி மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். பெண் பிள்ளைகள் மூவருக்கும் அவரே தலை சீவி அனுப்பினார். வகுப்பில் ஒரே சிரிப்பு. சடை நுனியில் ரிப்பனுக்கு மேல் வாழைநாரால் ஒரு முடிச்சு. அகத்தி மரத்தில் கொடியைக் கட்டுகிற அதே முடிச்சு. மாலையில் அவரிடம் மெல்லச் சொன்னேன். "சிரிக்கட்டும் சார். எவன் பிள்ளைக்காவது சாயங்காலம் வரைக்கும் சடை அவுறாம இருந்துச்சா, கேளுங்க" என்றார். உண்மைதான், அவிழவில்லை.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

செல்விக்குத் தலைப்பிரசவம். பெரிய ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் மதுரையில் புகுந்த வீட்டிலேயே இருந்தாள். அவள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அந்த ஆண்டு அக்கினிச் சட்டி எடுக்க அவர் காப்புக் கட்டியிருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதைக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால், யாருக்காக நேர்ந்தாரோ அவரையே குற்றம் பிடிக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையும் அதுதான்.

உச்சிப்பொழுதில் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அவருடைய மருமகன் பேசினார். ஆண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் செல்விக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை, அறுவைக்குக் கொண்டுபோகிறார்கள். அவளுடைய வகை இரத்தம் அங்கே இருப்பில் இல்லை. எங்கள் பள்ளியில் நடந்த ஒரு முகாமில் எல்லோருக்கும் இரத்தம் பார்த்திருந்தார்கள். அந்த வீட்டில் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டுமே அந்த அரிய வகை.

நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. வாசலிலேயே நின்று சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். மதினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதீக. சாமி குத்தம் அவ தலையிலதான் விடியும்."

"போகலைன்னா?"

மதினி கையை விட்டார். "போங்க. ஆனா விளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துருங்க. அம்புட்டுத்தான் நான் ஆத்தாகிட்டக் கேக்க முடியும்."

என் மொபெட்டில் கிளம்பினோம். டீக்கடையில் ஊர்ப் பெரியவர் எழுந்து வந்து வழியை மறித்தார். "என்ன மாப்ள, காப்போட எங்க கெளம்பிட்ட? ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"சொல்றேன் மாமா. வந்து சொல்றேன்."

எல்லைக்கல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆத்தா, தாண்டுறவன் நான். எது செஞ்சாலும் என்னைச் செய்யி. பிள்ளையைத் தொட்டுறாத" என்றார். கல்லைத் தாண்டித் தானே நடந்து போனார். அந்தப் பக்கம் போன பிறகுதான் மறுபடி வண்டியில் ஏறினார். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார் போல. அவரிடம் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையைப் பிடித்து, "என்ன கயிறு இது? கழட்டுங்க" என்று கத்தரியை எடுத்தாள்.

"வேணாம் தாயி. இந்தக் கை சாமிக்கு. அந்தக் கையில எம்புட்டு வேணுமோ எடுத்துக்க."

இரத்தம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். செல்வி இருந்த அறையின் கதவு மூடியிருந்தது. அதன்முன் நின்றார். ஜன்னல் வழியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி வெயிலைப் பார்த்தார். மகள் உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாத நேரம்.

"சார், நீங்க இருங்க. நான் நிக்க வேண்டிய இடத்துல நீங்க நில்லுங்க. வாரேன்" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் சம்பந்தியம்மாள் ஆரம்பித்தார். "பெத்தவருக்கு மகளை விடத் திருவிழா பெருசாப் போச்சாக்கும்! ஒரு நாழி இருக்க முடியலையா?"

எனக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும், "இல்லம்மா. பிள்ளைக்காகச் சாமியைப் பகைச்சுக்கிட்டு வந்தாரு. இப்போ பிள்ளைக்காகவே சாமியைச் சமாதானம் பண்ணப் போறாரு" என்றேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நான் சொன்னது சரிதானா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் நிச்சயமில்லை. கதவு திறக்கும்வரை உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர் கொடுத்த இடத்தை விட்டுவிட்டதாகும் என்று பயம்.

வெளியில் விளக்குகள் எரியத் தொடங்கியபோது டாக்டரம்மா வந்தார். "இரத்தம் நின்னுடுச்சு. பிழைச்சுக்குவாங்க" என்றார். என் வீட்டுக்குப் பேசினேன். என் மனைவி கோயிலுக்கு ஓடினாள். அங்கே அவர் ஈர வேட்டியோடு நின்றாராம். செய்தி கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம்.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. யாரும் கூப்பிடுமுன் அவரே போய் நின்றார். எல்லோரும் அவர் என்ன சமாதானம் சொல்வாரோ என்று பார்த்திருந்தோம். போனதால்தானே பிழைத்தாள் என்று அவர் சொல்லியிருக்கலாம். விளக்கு வைக்குமுன் திரும்பிவிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வந்து சொல்றேன்னேன். வந்துட்டேன். தாண்டினது தப்புதான் மாமா. நாளைக்கே மறுபடி இப்படி வந்தாலும் போவேன். அதையும் இப்பவே சொல்லிப்புடுறேன். சபை என்ன சொல்லுதோ, கேட்டுக்கிறேன்."

பெரியவர் அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். பிறகு, "இந்த வருசம் சட்டி எடுக்காத மாப்ள" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"சரி மாமா" என்றார் இவர்.

அதன்பின் அவர் நெடுங்காலம் இருந்தார். மற்ற பெண்களையும் கரையேற்றினார், பேரன் பேத்திகளைப் படிக்க வைத்தார், கண் மங்கும்வரை கொடிக்காலில் இறங்கினார். அதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். என்னிடம் தங்கியிருப்பது ஒரு முகம் மட்டும். அந்த ஆண்டு அக்கினிச் சட்டி நாளில் தார்ச்சாலை கொதித்துக்கிடந்தது. சட்டி எடுத்தவர்கள் வரிசையாகப் போக, அவர்கள் பாதம் சுடாதிருக்கக் குடத்துத் தண்ணீரை ஊற்றியபடி பக்கத்தில் அவர் நடந்தார். ஊரே தன்னைப் பார்க்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த முகத்தில் அவமானம் தெரியுமோ என்று பயந்து பயந்துதான் நான் ஏறிட்டுப் பார்த்தேன். பேரன் பிறந்த பூரிப்பில் இருக்கிற ஒருவரின் முகமாக இருந்தது அது.