ஆவுடையக்காவின் குறடு

பம்பாய் விக்ரோலியில் நான் வேலை செய்யும் பட்டறை வாசலில் பக்கத்துக் குடிசை இஸ்மாயில் வந்து நின்றபோதே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. தோல் பதனிடும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறி வருகிற ஆள் இல்லை அவன்.

"ஏல, ஆவுடையக்கா போய்ட்டாவ. மூணு நாளு காய்ச்சல்னு படுத்தாவ. எந்திரிக்கல."

தாராவியில் எங்கள் வரிசையில் எட்டாவது குடிசை அக்காவுடையது. ஒன்பதாவது என்னுடையது.

அன்று மாலை, அக்கா பாத்திரம் தேய்த்த மாதுங்கா வீட்டுக்குத் தகவல் சொல்லப் போனேன். அந்த வீட்டு அம்மாள் உண்மையாகவே கண் கலங்கினார். "எத்தனை கஷ்டத்துலயும் சிரிச்சிண்டே இருப்பாள். எது வந்தாலும் ஏத்துண்டுடுவாள்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அங்கே சொல்லாததை, அவளுக்காக இன்று கூடியிருக்கும் உங்களிடம் சொல்கிறேன்: அவள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சீனச் சண்டை நடந்த வருஷம் நான் இங்கே வந்தேன். தகரமும் மூங்கிலும் வாங்கி, பெரிய ஆணியாகப் பார்த்து அறைந்துகொண்டிருந்தபோது அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏல, தாஜ்மகாலா கட்டுத? ஆணி அடிக்காத. கம்பியால கட்டு."

"எதுக்கு?"

"முனிசிபாலிட்டி லாரி வரும்லா? அவன் பிரிச்சா தகரம் அவனுக்கு. நாம பிரிச்சா நமக்கு."

என் காதில் ஏறவில்லை. நிலையாக வாழ வந்தவனுக்கு வீட்டைக் கம்பியால் கட்டுவது அவமானமாகப் பட்டது.

மழை விட்ட ஒரு காலையில் லாரி வந்தது. அக்காவின் இடுப்பிலிருந்து குறடு வெளியே வந்தது. முறுக்கிய கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கால் மணி நேரத்தில் அவள் வீடு ஒரு தகரக் கட்டாகச் சாலைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அதன்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். என் ஆணிகளோ அசையவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். தகரம் கிழிந்து லாரியில் ஏறியது. அதிகாரி அக்காவை முறைத்தார். தனக்குத் தெரிந்த இந்தியில் அவள் கேட்டாள்: "கியா சாப், ஆஜ் பீ லேட்?" இன்றைக்கும் லேட்டா! வரிசையே சிரித்தது. கடப்பாரை பிடித்தவன்கூடச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. ஊருக்கே போகிறேன் என்றேன்.

"போ. அங்க உனக்கு மாளிகை கட்டி வச்சிருக்கானா? வீட்டத்தான கொண்டுபோனான், கையையுமா கொண்டுபோனான்?" குறடு என் கையில் வந்து விழுந்தது. தன் தகரத்தில் இரண்டை என் பக்கம் தள்ளினாள். பொழுது சாய்வதற்குள் நடுவில் ஒரே சுவரோடு இரண்டு வீடுகளும் நின்றன.

இந்தச் சிரிப்பைத்தான் திருப்தி என்கிறார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் நின்றவளுக்கு, ரேஷன் கடையின் புழுத்த சோளத்தைப் புடைத்துத் தின்றவளுக்கு என்ன திருப்தி? "அழுதுக்கிட்டே கம்பி முறுக்குனா கைதாம்ல கிழியும்" என்பாள். கை நடுங்காமலிருக்கச் சிரித்தாள், அவ்வளவுதான். மூன்று நாள் காய்ச்சலுக்கு ஒரு டாக்டர் எட்டிப் பார்க்காத இந்தச் சந்துக்கு லாரி மட்டும் வழி தவறாமல் வருகிறது.

நேற்று மறுபடியும், இடிக்கப்போகும் வீடுகள் என்று கதவுகளில் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவின் கதவிலும். அவள் மகள் கோமதி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, கம்பி போதுமா?"

போதும். அக்காவின் குறடு என்னிடம் இருக்கிறது. முதலில் எட்டாவது குடிசையை அவிழ்ப்பேன், பிறகு என்னுடையதை. லாரி வரும்போது அந்தத் தகரக் கட்டின்மேல் உட்கார்ந்து நான் கேட்பேன், இன்றைக்கும் லேட்டா, சாப்?