வெந்நீர் பட்ட காது

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களில் தோள்வலி இல்லாதவர் குறைவு. லிங்கேஸ்வரனுக்கும் இருந்தது. அவன் மனைவி மாரிச்செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பார்மசி கல்லூரியில் ஆய்வக உதவியாளர். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்தை மாத்திரையாக விழுங்காமல், தோலில் ஒட்டும் பிளாஸ்திரியாகக் கொடுக்க அங்கே பேராசிரியர் வைகுண்டராஜ் ஆராய்ந்துகொண்டிருந்தார். தோல் எளிதில் மருந்தை உள்ளே விடாது. விடவைக்க அவர் ஒரு திரவம் சேர்த்தார். ஒட்டிப் பார்க்க ஆள் தேடியபோது, மாரிச்செல்விதான் கணவனை அழைத்துப் போனாள்.

மறுநாள் பிளாஸ்திரியை உரித்தபோது முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

"குடிச்சுப்புட்டு எங்கயாவது சூட்டுல சாஞ்சிருப்பான். தறிக்காரன்தான!" என்றார் வைகுண்டராஜ், மாணவர்கள் முன்னால்.

லிங்கேஸ்வரன் குடிப்பவன் அல்ல. ஆனாலும் அந்தப் பேச்சு அவனுக்கு முன்பே பஸ் ஏறி ஊர் வந்துவிட்டது. தறிக்கூடத்தில் "ஏலே, தீஞ்ச முதுகு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புண் ஆறிய பிறகும் கூப்பிட்டார்கள். அவன் சிரித்துச் சமாளித்தான். அவளால் முடியவில்லை. வேலையை விடவும் இல்லை. பகையாளியின் பக்கத்தில் இருப்பதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் யார்தான் விடுவார்கள்?

ஆய்வகத்தில் ஆட்டுக்காதுத் தோலைக் கண்ணாடிக் குப்பியின் வாயில் விரிப்பார்கள். மேலே பிளாஸ்திரி, கீழே தண்ணீர். எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று அளப்பார்கள். கறிக்கடையில் தலையை வாட்டுவதற்கு முன்பே காதை அறுத்து வாங்க வேண்டும். சூடு பட்ட தோல் எதையும் தடுக்காது, சோதனை பொய்யாகிவிடும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே வைகுண்டராஜ்தான்.

ஒரு நாள் கறிக்கடை உக்கிரபாண்டியிடம் அவள் வெந்நீர் கேட்டாள்.

"எதுக்கு யக்கா, காதைக் குளிப்பாட்டவா?"

"ஆமா, சளி பிடிச்சிருக்கு. செத்த நேரம் முக்கிக் குடுலே."

அன்று மருந்து தோல் வழியே மளமளவென்று இறங்கியது. வைகுண்டராஜுக்குத் தலைகால் புரியவில்லை. மதுரையிலிருந்து மருந்துக் கம்பெனிக்காரர்களை வரவழைத்தார். அவர்கள் தாங்களே சோதிப்பார்கள், சூடு படாத தோலில் பாதிகூட இறங்காது, இந்த மனிதர் நாலு பேர் முன்னால் பொய்யராக நிற்பார் என்பது மாரிச்செல்வியின் எண்ணம்.

வந்தவர்களுக்குப் பால்கோவாவும் காபியும் வைத்துக்கொண்டிருந்தபோது வைகுண்டராஜ் பேசியது அவளுக்குக் கேட்டது.

"ஆட்டுத்தோல்ல நிரூபிச்சாச்சு. அடுத்து ஆளுகளுக்கு ஒட்டிரலாம். சத்திரப்பட்டியில தோள்வலிக்காரன் எம்புட்டுப் பேர் வேணும்?"

"அதே திரவம்தான? தோலுக்கு ஒண்ணும் செய்யாதே?" என்றார் கம்பெனியின் கௌதம்ராஜ்.

"ஒரு தடிப்புகூட வராது."

காபித் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் கேட்டு வாங்கிய வெந்நீர் அவள் தெரு ஆட்களின் முதுகுக்கே வந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அவர்கள் தப்பிப்பார்கள். அவள் வேலை போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் வைகுண்டராஜ், உதவியாளரால் ஏமாற்றப்பட்ட நல்லவராகிவிடுவார்.

"சார், ஒங்களுக்கும் தோள்வலின்னு அன்னைக்குச் சொன்னீகள்ல?" என்றாள். "இவிய முன்னாலயே ஒண்ணு ஒட்டிவிடவா?"

கௌதம்ராஜ் சிரித்தார். "நல்ல யோசனைதான். ஒட்டுங்க சார். நாங்க ராஜபாளையத்துலதான் தங்குறோம், காலையில வந்து பாக்குறோம்."

மறுத்தால் இப்போது சொன்ன சொல் என்னாவது? வைகுண்டராஜ் சட்டையைக் கழற்றினார். அவள் தோளைத் துடைத்து ஒட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். அவ்வளவு அக்கறையாக அவள் யாருக்கும் ஒட்டியதில்லை.

காலையில் உரித்ததும் அவள்தான். அதே கொப்புளம், அதே அகலம். கௌதம்ராஜ் குனிந்து பார்த்தார்.

"ராத்திரி எங்கயாவது சூட்டுல சாஞ்சீகளா சார்?" என்று கேட்டாள் மாரிச்செல்வி.

வைகுண்டராஜ் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கதவருகே நின்ற மாணவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் பஸ் ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள். சத்திரப்பட்டிக்குப் பிளாஸ்திரி வரவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லிங்கேஸ்வரன், "என்னையச் சொன்னது தப்புன்னு சொன்னாரா?" என்றான்.

"இல்ல."

"பொறவு என்னட்டி?"

அவன் கேட்டது சரிதான். நியாயம் என்றால் அந்த மனிதர் தறிக்கூடத்தில் வந்து நின்று, சொன்ன வாயாலேயே திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது பழிக்குப் பழி மட்டும். அவள் செய்ததை வீரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிடைத்ததை அவள் வீணாக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

இப்போது ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிகள் எல்லாம் மேல்தட்டில் இருக்கின்றன. மாற்றி வைத்தது அவள்தான். புண் இன்னும் ஆறாத வைகுண்டராஜ் ஒவ்வொன்றுக்கும் கையை உயர்த்த வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்று பார்க்கிறாள்.