மூக்குக்காரர் பட்டறை

இஞ்சினுக்கு அடியில் கையை விட்டு, மோதிர விரலால் ஒரு தடவு தடவி, மூக்கருகே கொண்டுவந்து கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு விரலைத் துணியில் துடைத்தபடி, “கூலண்ட் இல்ல தம்பி, ஆயில்தான். மேல் மூடி பேக்கிங் போயிடுச்சு” என்கிறார். இப்படித்தான் எங்கள் தெருவுக்கே அவர் மூக்குக்காரர் ஆனார். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிந்தால் சர்க்கரைப் பாகு மணக்கும், சூட்டில் சொட்டிய ஆயில் தொண்டையைக் கமறும் என்பார். “பெட்ரோலுக்கு என்னண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன். “அதுக்கு நின்னு மோந்து பார்க்கக் கூடாது, ஓடணும்” என்றார், சிரிக்காமல்.

சிரிப்புக்கும் அவருக்கும் தூரம். மூடி இடுக்கில் கசிவை அடைக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுக்கும்போது பேச்சுக் கொடுத்தால் பதிலே வராது. ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் புதுசு சரியாக உட்காராது என்று நகத்தால் தடவித் தடவிப் பார்ப்பார். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, பக்கம் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்குவார். “ஒரே பக்கமா கவனிச்சா இன்னொரு பக்கம் கோவிச்சுக்கும்” என்பார். மாமியார் வீட்டு விவகாரம் பேசுகிறாரோ என்று தோன்றும்.

அண்ணிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, பட்டறை வாசனையே ஆகாது. வீட்டில் அவர் கழற்றிப் போட்ட சட்டையைக் குச்சியால் தூக்கித்தான் வாளியில் போடுவாராம். முன்பெல்லாம் பட்டறைக்குள் அண்ணி காலடி வைத்து நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவர் போன வருஷத்திலிருந்து சாப்பாட்டோடு வந்து, பொழுது சாயும்வரை ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார். விரல் துடைத்த துணி அண்ணி கைக்குப் போகும். அவர் ஏதோ முணுமுணுப்பார். அதற்கப்புறம்தான் மூக்குக்காரர் வாயைத் திறப்பார். இந்த வயசில் இவ்வளவு ஒட்டுதலா என்று கேலி பேசிச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

போன வாரம் என் பழைய காருக்கு மேல் மூடி பேக்கிங் மாற்றினார். மாசமாக இருக்கும் என் மகளை அப்படியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும் என்று அவளையும் கூட்டி வந்து ஓரமாக உட்கார வைத்திருந்தேன். வேலை முடிந்து இஞ்சினை ஓட விட்டார். ஒரு சொட்டு இல்லை. அணைத்து, சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஏங்க, பெட்ரோல் வாசனை அடிக்குது” என்றார் அண்ணி.

“மூடியைப் பெட்ரோல்ல கழுவினேன்ல, அதுதான்.”

“அது எப்பவோ காஞ்சு போச்சு. இது இப்ப வருது.”

“எனக்குத் தெரியாததை நீ கண்டுட்டியா? பேசாம இரு!” என்று எரிந்து விழுந்தார். நானும் நேரமாகிறதே என்று முகத்தைச் சுளித்தேன். அண்ணி அசையவில்லை.

“புள்ளத்தாச்சி ஏறப் போற வண்டிங்க” என்றார்.

மூக்குக்காரர் முகம் செத்துப் போனது. சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு, இஞ்சின் மேல் குனிந்தார். மூடியைக் கழற்றுவதற்காக ஒதுக்கிய பெட்ரோல் குழாயைத் திரும்ப மாட்டியிருந்தார், கிளிப்பை இறுக்க மறந்திருந்தார். கசிந்தது சூட்டில் அப்படியே ஆவியாகிப் போனதால் கண்ணுக்கு ஈரமே தெரியவில்லை. அதற்குக் கீழேயே கொதிக்கும் சைலன்சர் குழாய். மகளை எழுந்து தெருவுக்குப் போகச் சொன்னேன்.

“போன வருஷம் காய்ச்சல் வந்துச்சுல்ல தம்பி, அதோட மூக்கும் போயிடுச்சு” என்றார் தலை நிமிராமல். “பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். வெளிய தெரிஞ்சா எவன் வண்டியை விடுவான்னு மூடி மறைச்சேன். இவதான் மோந்து சொல்லிட்டிருந்தா. இன்னைக்கு அவளையே வாயை மூடச் சொல்லிட்டேன் பாருங்க.” வண்டி விட வந்து காத்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, இத்தனை நாள் இந்த மனுஷனையா கேலி செய்தோம் என்று எனக்கு மனசு கனத்துப் போனது.

புதுக் கிளிப் போட்டு இறுக்கினார். எல்லாம் உலரும்வரை காத்திருந்தோம். மறுபடி இஞ்சினை ஓட விட்டு அணைத்தார். சாவி திரும்பவும் அவர் பைக்குத்தான் போனது, நானும் கேட்கவில்லை. குழாயை மோதிர விரலால் ஒரு தடவு தடவி, பழக்கத்தில் மூக்குவரை கொண்டுபோனவர் நிறுத்தினார். எல்லோரும் பார்க்க, அந்த விரலை மனைவியின் பக்கம் நீட்டினார்.

அண்ணி அந்தக் கறுத்த கையை இரண்டு கைகளாலும் வாங்கி, மூக்கோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.