முதல் மாத்திரை அண்ணன் கையால்

அண்ணன் போய் வருஷம் திரும்பிய இந்த நாளில் வீடு தேடி வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், நண்பர்களுக்கும், முக்கியமாகச் செய்யூர் கிளினிக் பேஷண்டுகளுக்கும் என் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. "தம்பி, நாள்பூரா கிளினிக் வாசல்ல உக்காந்து பேசிகினுதானே இருப்பே. அதே மாதிரி எழுது, போதும்" என்றார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பிறகு கற்றதெல்லாம் டீக்கடை பேப்பரிலும், டோக்கன் வாங்க வந்தவர்கள் பேச்சிலும்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது படாளத்தை ஒட்டிய எங்கள் சொந்த ஊரில். ஏரித் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வேர்க்கடலை, இரண்டும் இல்லாத வருஷம் அப்பா லாரியில் லோடு ஏற்றப் போவார். அண்ணன் பாசஞ்சர் ரயிலில் நின்றுகொண்டே படித்து, செங்கல்பட்டில் டாக்டர் படிப்பு முடித்து, அதற்கு மேலும் படித்து வந்தார். மேல்படிப்பு எதில் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது 'பொது மருத்துவம்' என்றார். எங்கள் மாமா ஒருவருக்கு மனசே ஆறவில்லை. "கண்ணு டாக்டருன்னா கண்ணு. பல்லு டாக்டருன்னா பல்லு. பொதுன்னா இன்னாடா, எதுவும் சரியா தெரியாதுன்னு அர்த்தமா?" என்றார். அண்ணன் சிரித்துவிட்டு, "தோலுக்கு உள்ளாற இருக்கிறது எல்லாம் நம்ம ஏரியா மாமா" என்றார்.

செய்யூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், உரக்கடையாக இருந்த இடத்தை வாடகைக்குப் பிடித்து கிளினிக் தொடங்கினார். எவ்வளவு கழுவியும் யூரியா வாடை போக ரொம்ப காலம் ஆனது. உள்ளே அண்ணன், ஊசி போட, பிரஷர் பார்க்க ராணி சிஸ்டர், வாசலில் டோக்கன் கூப்பிட நான். வந்தவர்கள் எல்லாம் சவுக்கு வெட்டுகிறவர்கள், கடலை பறிக்கிறவர்கள், வலை இழுக்கிறவர்கள். அவர்கள் வியாதியைச் சொல்கிற அழகுக்காகவே நான் கதவை முழுக்கச் சாத்தமாட்டேன். "சுகரு வந்து சம்மணம் போட்டு குந்திகிச்சு டாக்டரே, எய்ந்து போவ மாட்டேங்குது." "பாதம் ரெண்டும் பஞ்சு மேல நடக்குறாப்பல கீது." "தலைக்குள்ள எவனோ மோட்டாரு போட்டுட்டு ஆஃப் பண்ணாம பூட்டான்." அண்ணன் இதில் எதற்கும் அவசரப்பட மாட்டார். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு தூரம் நடக்கிறாய், தூக்கம் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வெளியே வரிசையில் இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

அண்ணனுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கோபம் வரும். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்கிப் போவார்கள், போடமாட்டார்கள். வலியா, காய்ச்சலா, எதற்குப் போடுவது என்பார்கள். அதனால் அண்ணன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அட்டையைப் பிரித்து முதல் மாத்திரையைத் தன் கையாலேயே பேஷண்ட் கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, கண் எதிரிலேயே விழுங்க வைப்பார். "பாத்தியா, ஒண்ணும் ஆவல. மிச்சத்தை வூட்டுல இதே மாதிரி போடு" என்று அனுப்புவார். நல்ல வழக்கம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அதில் தப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிய அவர் படுக்கையில் விழ வேண்டியிருந்தது.

அண்ணன் கண் மஞ்சளித்ததை முதலில் பார்த்தவர் ராணி சிஸ்டர். சென்னையில் ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் கேன்சர் என்றார்கள். ரிப்போர்ட்டை அண்ணன் நின்றபடியே படித்து, மடித்து, அண்ணி கையில் கொடுத்தார். "என்னங்க போட்டிருக்கு?" என்று அண்ணி கேட்டார். "லேட்டுன்னு போட்டிருக்கு" என்றார் அண்ணன். வேறு ஒருவர் வீட்டு ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "ஊருக்கே பாக்கறீங்களே, உங்களுக்குப் பாத்துக்க ஒரு மருந்து கூடவா இல்ல?" என்று அண்ணி காரில் கேட்டுக்கொண்டே வந்தார். செங்கல்பட்டு தாண்டியதும் அண்ணன் என் பக்கம் திரும்பி, "கிளினிக்கை யாருடா பாப்பாங்க?" என்றார்.

கிளினிக்கை மூடக்கூடாது என்று அண்ணன் டாக்டர் கயல்விழியை அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. அண்ணன் படித்த அதே படிப்பு. பொறுமையும் அதே பொறுமை. நாற்காலியைத் தள்ளிப் போட்டு பேஷண்ட் பக்கத்திலேயே உட்காருவார். ஆனாலும் நம்மவர்கள், "அந்தம்மா நல்லாத்தான் பாக்குது, பேசறதுதான் இழுத்து இழுத்து வேற மாதிரி கீது" என்றார்கள். சரி, போகப் போகப் பழகிவிடும் என்றிருந்தோம்.

பழகவில்லை. டாக்டரம்மா கொடுத்த மாத்திரை அட்டையோடு ஒவ்வொருவராக எங்கள் வீட்டு கேட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அண்ணன் ஒருமுறை தொட்டுத் தர வேண்டுமாம். அவர் கை பட்டால்தான் கேட்குமாம். அண்ணனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது என்னைக் கூப்பிட்டு, "டேய், இத்தினி வருஷம் நான் கொடுத்தது மருந்துன்னு நினைச்சேன்டா. இவங்க என் கையைத் தின்னுகினு இருந்திருக்காங்க" என்றார். கைராசி என்று யாராவது பேச்செடுத்தாலே அந்த ஆளை வெளியே போகச் சொன்னவர் அவர்.

ஒரு காலையில் பிடிவாதமாக, கைத்தாங்கலாகக் கிளினிக்குக்கு வந்தார். டாக்டரம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்தவர்களிடமெல்லாம், "இனிமே இவங்கதான். இவங்க கையால போடு" என்றார். எல்லோரும் பவ்யமாக, "சரி டாக்டரே" என்றார்கள். டாக்டரம்மா கையால் மாத்திரையை வாங்கினார்கள். வாங்கி, திரும்பி, அண்ணன் முன்னால் நீட்டினார்கள்.

கன்னியம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். கடலைக் காட்டு வேலைக்குப் போகிறவர். பிரஷர் எப்போதும் ஏறியே இருக்கும். அவரும் அன்றைக்கு நீட்டினார்.

"நான் தொடமாட்டேன் கன்னிம்மா. அவங்க கொடுத்தாச்சு, வாயில போடு" என்றார் அண்ணன்.

"அந்தம்மாவை நான் கொறை சொல்லல டாக்டரே. நீ ஒருவாட்டி தொட்டுக் குடு, அதுல இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

"நான் போய்ட்டா யாரு தொடுவா?"

"நீ எங்க போற? கம்முனு இரு."

அண்ணன் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கன்னியம்மா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, "உனுக்கு ஒடம்பு நல்லாவட்டும், அப்பால வரேன்" என்று போய்விட்டார். நான் ரோடு வரைக்கும் பின்னால் போய்க் கெஞ்சினேன். "நீ இன்னா டாக்டரா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அன்று வீட்டில் பெரிய பேச்சு. அண்ணி, "தொட்டுத்தான் கொடுங்களேன். இருக்கிற வரைக்குமாவது ஒழுங்கா சாப்பிடுவாங்க" என்றார்.

"தொட்டா, என்னோட சேர்ந்து மருந்தும் போயிடும். நான் இருக்கும்போதே அவங்க பழகணும்."

"பழகறதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

அண்ணன் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா, "ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான் சார். எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். படித்தவர்கள் இரண்டு பேர், அனுபவப்பட்ட ராணி சிஸ்டர், அண்ணி, நான். ஐந்து பேர் இருந்தும் அந்த அறையில் ஒரு வழி சொல்ல ஆள் இல்லை. ராணி சிஸ்டர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். டாக்டரம்மா தன் மாமியார் போடும் மாத்திரையைக் கொண்டுவந்து காட்டி, இதே மருந்துதான் என்று சொல்லிப் பார்த்தார். நான் வாசலில் உட்கார்ந்து பேசியே பார்த்தேன். பேசி ஆளைச் சிரிக்க வைக்க எனக்கு வரும், விழுங்க வைக்க வரவில்லை.

கன்னியம்மா கடலைக் காட்டிலேயே விழுந்தார். வாய் கோணி, வலது பக்கம் செயல் இழந்தது. மகன் செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போய் உயிரைக் காப்பாற்றிவிட்டான். அண்ணனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருக்கும்போது அவரே, "கன்னிம்மா வந்துச்சா?" என்று கேட்டார். ராணி சிஸ்டருக்குப் பொய் வராது. சொல்லிவிட்டார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அட்டையோடு வருகிறவர்களை உள்ளே விடாமல் கேட்டைச் சாத்தி வைக்கச் சொல்லியிருந்தவர், மறுநாள், "கேட்டைத் திறந்து விடுடா" என்றார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருடைய அட்டையையும் தொட்டார். கேள்வி இல்லை, கோபம் இல்லை. கன்னியம்மாவின் மகனும் ஒரு அட்டையோடு வந்தான். "அம்மாவால வர முடியல சார்" என்றான். அதை மட்டும் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கையைத் தூக்க முடியாமல் போனது. அண்ணி அவர் கையைப் பிடித்துத் தூக்கி ஒவ்வொரு அட்டையின் மேலும் வைத்தார். இதையெல்லாம் நம்பாத ஒரு மனிதரின் கை அது. யாரும் அழவில்லை. வரிசையாக வந்து, வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். வலிக்கு டாக்டரம்மா மருந்து போட்டுக்கொண்டே இருந்தார். அது கொஞ்சம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. ஒரு மத்தியான வேளையில் அண்ணன் போனார்.

இந்த வருஷ நினைவு நாளுக்குச் சொல்ல நான்தான் வீடு வீடாகப் போனேன். கன்னியம்மா கோலைப் பிடித்து நடக்கிறார். சாமி படத்துக்குக் கீழே ஒரு மாத்திரை அட்டை இருந்தது. மஞ்சள், குங்குமம் வைத்திருந்தது. ஒரு மாத்திரை கூடப் பிரிக்கவில்லை. "இதை ஏம்மா போடல?" என்றேன். பேச்சு இன்னும் குழறுகிறது. "போட்டா தீந்துடாதா?" என்றார். டாக்டரம்மா கொடுப்பதைப் போடுகிறீர்களா என்று கேட்டேன். "போடுறேன், போடுறேன்" என்றார். மருமகள் அவருக்குப் பின்னால் நின்று இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் போன வேறு வீடுகளிலும் இப்படி அட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் அண்ணன் தொட்டுக் கொடுத்தவை, சிலது தேதியும் முடிந்தவை.

அண்ணனுக்காக என்ன செய்யலாம் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். அன்னதானம் போடுவதாகவும், கிளினிக்கில் பெரிய படம் மாட்டுவதாகவும் சொல்கிறீர்கள். அதெல்லாம் வேண்டாம். அந்த அட்டைகளை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் போங்கள். அவர் கொடுப்பதை வாயில் போடுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். கேட்பீர்களா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லியே நடக்காதது நான் எழுதியா நடக்கப்போகிறது?

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஒரு நாளும் முகம் சுளிக்காமல் கல்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து அண்ணனையும் பார்த்து, கிளினிக்கையும் இன்றுவரை தனியாக இழுத்துக்கொண்டிருக்கும் டாக்டர் கயல்விழிக்கு. அண்ணனைக் குழந்தையைப் போலத் துடைத்து, உடுத்தி, படுக்க வைத்த ராணி சிஸ்டருக்கு. கடைசி நாட்களில் கேட்டது எல்லாம் கேட்ட நேரத்தில் கொண்டுவந்து கொடுத்த மெடிக்கல் ஷாப் தம்பிகளுக்கு. தோளில் தூக்கிப் போன படாளத்துப் பங்காளிகளுக்கு. வேலையை விட்டுவிட்டு வந்து சாலை ஓரம் நின்ற செய்யூர் ஜனங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை எழுதி முடித்து அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அண்ணிக்கும் பிரஷர் உண்டு. அட்டைகளை எடுத்துப் போடச் சொல்லும் இடம் வந்ததும், "நல்லா எழுதியிருக்கே தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்றார். எழுந்து போய் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்புடன்,
தம்பி