ஆறு கிலோ பானட்

“இன்னாம்மா இது, முறம் மாரி கீது? இத மாட்டினா ஆரணி ரோடு தாண்டறதுக்குள்ள பறந்து போய்டும்.”

நான் செய்த முதல் பானட்டைப் பார்த்து வேலூர் மெக்கானிக் சொன்னது இது. காரின் எஞ்சினை மூடும் முன்பக்க மூடிக்குத்தான் பானட் என்று பெயர். அதை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பீடி பிடித்திருந்த விரலால் சுட்டிக் காட்டினார். தீ ஆகாது என்று மூன்று மொழியில் எழுதிய டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அந்தப் பீடியையும் குடித்தார். முப்பது வருடம் பஸ் பாடி கட்டியவர். தகரம் தடித்தால் பலம், போல்ட் பெருத்தால் உறுதி. அவர் கற்றது அவ்வளவுதான். பந்தயக் காரை அவர் கையில் கொடுத்தால் பின்னால் ஏணி வைத்து, மேலே மூட்டை கட்டக் கம்பியும் அடித்துத் தந்துவிடுவார்.

நான் ஜவ்வாது மலைக்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். அப்பாவுக்குச் சாமைக் காடும் ஏழெட்டுப் புளிய மரமும் உண்டு. அடிவாரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து, பத்தாவது முடித்தேன். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் எனக்கு. போளூரிலிருந்து மலைக்குப் போகும் சாலையில் ஒரு பைபர் கொட்டகை இருந்தது. தண்ணீர்த் தொட்டி, குளிக்கும் டப், கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒட்டகம், மாடு எல்லாம் அங்கே செய்வார்கள். கண்ணாடி நாரால் ஆன பாயை அச்சின் மேல் விரித்து, ரெசின் என்ற பிசினை ஊற்றி, பிரஷால் குத்திக் குத்தி ஊற வைத்தால் அது கல்லாக இறுகும். தகரத்தின் பலம், தகரத்தில் பாதிக்கும் குறைந்த எடை. முதலாளி மெட்ராசில் படகு கட்டும் இடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். டிரம்மில் ஒட்டியிருக்கும் ஆங்கிலத்தைப் படிக்க ஆள் இல்லாததால் என்னை வேலைக்கு வைத்தார்.

நான் படித்த முதல் டப்பாவே போதும், அந்தக் கொட்டகை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள. பிசினை இறுக வைக்கும் மருந்து ஒன்று, அதை வேகப்படுத்தும் ஊதா மருந்து ஒன்று. இரண்டும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. இரண்டையும் அவர் ஒரே தட்டில், ஒரே கரண்டியோடு வைத்திருந்தார். சொன்னேன்.

“இத்தினி நாளு வெடிக்கலியேம்மா?” என்றார். தன் மேல் எழுதியிருப்பதை அவரைப் போலவே டப்பாவும் படிக்காது என்று நினைத்திருப்பார் போல. நானே ஒரு டப்பாவை எடுத்து அடுத்த அறையில் வைத்தேன்.

படிப்பது, பாயை வெட்டித் தருவது, கூட்டுவது. இவைதான் என் வேலை. அச்சு வைத்த மேசைப் பக்கம் நான் போகக் கூடாது. “பொம்பள வந்தா ரெசின்ல முடி வுழும்” என்பார் முதலாளி. அவர் தலையில் ஒரு முடி கிடையாது. அந்தத் தகுதி ஒன்றால்தான் அவர் அங்கே மேஸ்திரி என்று எனக்குத் தோன்றும்.

இந்த நிலையில்தான் வேலூரிலிருந்து பந்தயக்கார சார் வந்தார். பஸ் கம்பெனி முதலாளியின் மகன். இரண்டே பேர் உட்காரும் கார். பக்கத்தில் நின்றால் அதன் கூரை என் இடுப்புக்கு வரும். மெட்ராஸ் பக்கத்தில் நடக்கும் பந்தயங்களுக்குப் போவார், எங்கள் மலைச் சாலையில் வளைவு வளைவாக ஓட்டிப் பழகுவார். ஒரு முறை அப்பா ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

“அந்தாளுக்கு இன்னா அவ்ளோ அவசரம்? மேல ஒரு ஆஸ்பத்திரி கூட இல்லியே.”

அந்தக் காரின் பானட், இரண்டு கதவு, டிக்கி மூடி நான்கையும் தகரத்துக்குப் பதில் பைபரில் செய்து தர வேண்டும் என்றார் சார். “ஒவ்வொரு கிலோவும் முக்கியம். எடை கொறஞ்சாத்தான் வண்டி சிட்டா பறக்கும்” என்று முதலாளிக்குப் பாடம் எடுத்தார். அப்போது அவர் கையில் பாதி தின்ற மசால் வடை இருந்தது. அவர் வயிற்றில் மட்டும் இரண்டு பானட் எடை இருக்கும். அதைக் குறைக்க யாரிடமும் ஆர்டர் கொடுக்கவில்லை.

முதலாளி இரண்டு அடுக்குப் பாய் போட்டு முதல் பானட்டைச் செய்தார். அதைச் சரிபார்க்க சாரின் மெக்கானிக் வந்தார். விரல் முட்டியால் தட்டினார். தொப் தொப் என்று கேட்டது. உதட்டைப் பிதுக்கினார். முதலாளி இன்னொரு அடுக்குப் போட்டார். மறுபடி தட்டல், மறுபடி உதடு. இப்படியே ஆறு அடுக்கு ஆனதும், “ஆங், இப்பதான் ஒரு பொருளு மாரி கீது” என்றார். சார் அதை மூச்சுப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்ததில் மகிழ்ந்து போனார். கல்யாணச் சீருக்குப் பித்தளை அண்டா வாங்க வருகிறவர்களும் இப்படித்தான் தட்டுவார்கள், தூக்கிப் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் யாரும் எடை இல்லாத அண்டா வேண்டும் என்று கேட்டு வருவதில்லை.

எதிரே புளி மண்டி. அவர்கள் தராசில் பழைய தகர பானட்டையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன். தகரம் பதினான்கு கிலோ, எங்களுடையது பதின்மூன்று. முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“ஒரு கிலோ கொறஞ்சிச்சில்ல?” என்றார்.

ரெசின் கம்பெனி அனுப்பிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று டிரம்மோடு வந்து, மேசைக்கால் ஆடாமல் இருக்க அடியில் சொருகிக் கிடந்தது. அதை உருவி, விடுதியிலிருந்து கொண்டுவந்த அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்திருந்தேன். பலம் தடிமனில் மட்டும் இல்லை, பின்பக்கம் விலா எலும்பு மாதிரி மேடு எழுப்பினால் இரண்டு அடுக்கே போதும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. அதை அவருக்குக் காட்டினேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“அவ்ளோ தெரிஞ்சவ, நீயே ஒண்ணு போடு” என்றார். “ஞாயித்துக்கெழம மேச சும்மாதான் கெடக்குது. சார் இதுக்குப் பதிலா அத எடுத்துக்கினா மேச உன்னுது, நீதான் இனிமே அச்சு வேல. எடுத்துக்கலன்னா மூட்டையக் கட்டினு மலைக்குப் போய்டு. அப்பறம் வந்து அழக் கூடாது.”

மலைக்குப் போவது என்றால் அவருக்கு அது வெறும் பஸ் பயணம். எனக்கு அங்கே அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். தை மாதத்துக்குள் கையில் ஒரு தொழில் வந்தால் கீழேயே இருக்கிறேன், வராவிட்டால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார். “படிச்சதெல்லாம் மறந்துடும், கவலப்படாத” என்றார். அப்போது கார்த்திகை பாதி போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே கொட்டகைக்குப் போனேன். பானட் அச்சில் மெழுகு தடவித் துடைத்து, காய விட்டு, மறுபடி தடவி, ஐந்து தடவை. முதலாளி ஒரு தடவையோடு நிறுத்துவார், பிறகு பொருள் அச்சோடு ஒட்டிக்கொண்டது என்று சுத்தியலால் அடிப்பார். ரெசினை அளந்து ஊற்றினேன். இரண்டு அடுக்குப் பாய். மூங்கிலைப் பிளந்து, சீவி, பின்பக்கம் நான்கு வரிசை வைத்து அதன் மேல் பாய்ப் பட்டையை ஒட்டினேன். கீலும் போல்ட்டும் வரும் மூலைகளில் மட்டும் மரத்துண்டு வைத்து நான்கு அடுக்கு. மிச்சமிருந்த ரெசினில் அதே அமைப்பில் ஒரு முழ நீளத்துக்குச் சின்னப் பலகை ஒன்றும் வார்த்து, குறுக்கே அறுத்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். பனிக் குளிரில் பிசின் இறுக நேரமாகியது. மருந்தைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும், பிறகு வெடிப்பு விடும். முதலாளி கூட்டுவார். நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மூலையில் காற்றுக் குமிழி நின்றுவிட்டது. அது என் தப்பு, அவசரமாகக் குத்திவிட்டேன். உளியால் செதுக்கி எடுத்து மறுபடி ஒட்டினேன். மறுநாள் காலை அச்சின் ஓரத்தில் ஆப்பு வைத்து லேசாகத் தட்டினேன். பட்டென்று தானாகக் கழன்று வந்தது. கை முழுக்கக் கண்ணாடி நார் குத்தி அரித்தது. அதை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். அந்தக் கொட்டகையில் அதற்கு முன் யாரும் எதையும் ஒரு கையால் தூக்கியதில்லை.

அடுத்த வாரம் பானட்டை எடுத்துக்கொண்டு போகச் சாரும் மெக்கானிக்கும் வந்தார்கள். முறம் என்று மெக்கானிக் சொன்னது அப்போதுதான். சார் அதைத் தூக்கினார். கனமாக இருக்கும் என்று தம் பிடித்துத் தூக்கியதால் பின்னால் இரண்டடி தள்ளாடினார். முகம் சுண்டிவிட்டது.

“ரொம்ப லைட்டா இருக்கே?”

“நீங்க கேட்டது அதுதாங்க சார்.”

புளி மண்டித் தராசுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். “கொட்ட எடுத்ததா, எடுக்காததா?” என்று மண்டிக்காரர் கேட்டார். ஆறு கிலோ. சார் முள்ளைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். தராசு சொல்வதை நம்புவதற்கும் அவருக்கு மெக்கானிக்கின் உத்தரவு வேண்டியிருந்தது.

“எட கொறஞ்சா ஆச்சா? தாங்கணும் இல்ல?” என்றார் மெக்கானிக்.

இரண்டு காலி டிரம்களின் மேல் பானட்டைக் குறுக்கே வைக்கச் சொன்னேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி நடுவில் நின்றேன். கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு விரல் அளவு தாழ்ந்தது. பத்து எண்ணும்வரை அப்படியே நின்றேன். இறங்கியதும் அது பழையபடி நிமிர்ந்தது.

“பொண்ணு ஒல்லி. அதான் தாங்குது” என்றார் மெக்கானிக்.

“அப்ப சார ஏறச் சொல்லுங்க.”

முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது. சார் ஏறவில்லை. பானட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு மெக்கானிக் டீ குடிக்கப் போனதும் முதலாளியையும் என்னையும் கிட்டே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“எடுத்துக்கறேன். எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு. எடை இதே இருக்கணும், தட்டினா மட்டும் கனமா சத்தம் கேக்கணும். நாலு பேர் வந்து தட்டிப் பாப்பாங்க இல்ல? அப்படி ஏதாவது பண்ண முடியுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி, “பண்ணிடலாம் சார்!” என்றார்.

பண்ணினார். கூரைக்குப் பூசும் தாரைக் காய்ச்சி, என் பானட்டின் உள்பக்கம் முழுக்க, மூங்கில் மேடுகள் மறையும்படி மெழுகினார். காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு. மறுநாள் சாரோடு வந்து மெக்கானிக் தட்டினார். தம் தம் என்று கேட்டது. “ஆங்” என்றார். சாருக்கும் பரம திருப்தி. தாரோடு அதன் எடை ஒன்பதரை கிலோ என்று நான் தராசில் வைத்துப் பார்த்துச் சொன்னபோது மூன்று பேரும் காரின் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேகமாகப் போவதற்காகப் எடையைக் குறைக்கச் சொல்லி, கௌரவத்துக்காகக் குறைந்ததில் பாதியைத் திருப்பி ஏற்றி வாங்கிக்கொண்டு போன மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். வண்டி புறப்படும்போது எனக்குக் கை வேறு காட்டினார்.

முதலாளி சொன்ன வாக்கை மீறவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்லலாம். “மேச உன்னுதும்மா” என்றார். “நாளைக்கே கதவு ரெண்டும் போட்டுடு. தாரையும் கையோட நீயே பூசிடு. சாருக்கு அந்த சத்தம் புடிச்சிப் போச்சி.”

நான் கேட்டது கிடைத்துவிட்டது. மேசைக்குப் பின்னால் போய் நின்றும் பார்த்தேன். கதவின் அச்சு மேல் தார்ச்சட்டி இருந்தது. அதன் அடி அச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே இருந்தால் மலைக்குப் போக வேண்டாம், மாப்பிள்ளை வேண்டாம். ஆனால் நான் குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் பதிலாக நானே தார் பூச வேண்டும். தட்டிப் பார்ப்பவர்கள் தலையாட்டும்வரை பூச வேண்டும்.

“நான் தார் பூச மாட்டேன் முதலாளி.”

“பின்ன இன்னாத்துக்கு மேச கேட்ட?”

“லேசா செய்யறதுக்கு.”

“லேசா செஞ்சா எவன் வாங்குவான்? பத்தாவது படிச்சிட்டா ஒலகம் தெரிஞ்சிடுமா?”

அவரோடு அதற்கு மேல் பேசுவது, அந்தத் தார்ச்சட்டியோடு பேசுவது மாதிரி. மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்க ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, மறுபடி அதன் அடிக்கே போயிருந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். நான் அறுத்து வைத்திருந்த சின்னப் பலகையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டேன். அது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அது என்ன என்றே அவருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு மலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். தைக்கு வரவில்லை, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். மறுநாள் போளூரில் காலை வண்டி பிடித்து, காட்பாடியில் மாறி, மெட்ராசுக்கு வெளியே, புத்தக அட்டையில் விலாசம் போட்டிருந்த அந்த ரெசின் கம்பெனிக்குப் பிற்பகலில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. வேலை கேட்டுக் கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமையும் இல்லை. கேட்டில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு நோட்டைத் தள்ளினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, என்ன விஷயமாக என்று நான்கு கட்டம். மூன்றாவதில், கண்ணாடி நார்ப் பகுதி அதிகாரி என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நான்காவதில், ஆறு கிலோ பானட் பற்றிப் பேச என்று எழுதிவிட்டு, செய்தித்தாளைப் பிரித்து, அறுத்த பலகையை அவர் மேசை மேல் வைத்தேன்.